அழகனுக்கே அழகைத் தந்த அக்கா மகாதேவி

வீட்டில் பெண் குழந்தை பிறந்ததும் காண வருவோர் கேட்கும் முதல் கேள்விகளுள் ஒன்று, குழந்தை என்ன நிறம் என்பது. அவள் வளர வளர, மேனியின் நிறத்தையும் கூந்தலின் நீளத்தையும் உடலின் பருமனையும் ஊரார் கண்கள் அளந்துகொண்டே இருக்கின்றன. பெண் பார்க்க வரும் நாளில் அந்த அளவை ஒரு தீர்ப்பாகவே ஆகிவிடுகிறது. அழகில்லை என்று சொல்லப்பட்டவள் அத்தீர்ப்பால் குன்றிப் போகிறாள். அழகி என்று சொல்லப்பட்டவளாவது விடுதலை பெற்றவளா என்றால், அதுவும் இல்லை. இருவருமே தங்கள் மதிப்பைப் பிறர் கண்களிலிருந்து பெற வேண்டியவர்களாகி விடுகிறார்கள்.

இந்தக் கட்டை ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பு கன்னட நாட்டில் ஓர் இளம்பெண் அறுத்தெறிந்தார். அவர் அழகற்றவர் என்று இகழப்பட்டவர் அல்லர்; பேரழகி என்று புகழப்பட்டவர். புகழே விலங்காக வந்தபோது அதைக் கழற்றி வைத்துவிட்டு இறைவனை நோக்கி நடந்தார். அவரையே அக்கா மகாதேவி என்று பாரத நாடு போற்றுகிறது.

உடுதடியின் திருமகள்

இன்றைய கர்நாடக மாநிலத்தில் சிவமொக்கா மாவட்டத்தைச் சேர்ந்த சிகாரிப்புர வட்டத்தில் உள்ளது உடுதடி என்னும் சிற்றூர். அங்கே வாழ்ந்த நிர்மலர், சுமதி என்னும் சிவபக்தத் தம்பதியருக்கு கி.பி. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், 1130ஆம் ஆண்டு வாக்கில், மகாதேவி மகளாகப் பிறந்தார். இளமையிலேயே குருவிடம் தீட்சை பெற்று, இஷ்டலிங்கத்தை உடலில் தரித்தார். இடக்கையில் லிங்கத்தை ஏந்திக் கண்களை அதன்மேல் நிலைநிறுத்திப் பூசை செய்வது வீரசைவ மரபு. மற்றச் சிறுமியர் கண்ணாடியில் தம் முகம் பார்த்து மகிழும் வயதில், மகாதேவி தம் உள்ளங்கையில் இறைவனைப் பார்த்து மகிழ்ந்தார்.

அவர் வழிபட்ட இறைவனின் திருநாமம் சென்னமல்லிகார்ஜுனன். சென்ன என்ற கன்னடச் சொல்லுக்கு அழகிய என்று பொருள். மல்லிகா என்பது மல்லிகை. அர்ஜுன என்பது வெண்மை. மல்லிகை போல் வெண்ணிற மேனி கொண்ட பேரழகன் என்று அப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். மகாதேவி பின்னாளில் அருளிய 400க்கும் மேற்பட்ட வசனங்களில் இந்தத் திருநாமத்தையே முத்திரையாகப் பதித்துள்ளார். அவருடைய வாழ்வைப் புரிந்துகொள்ள இந்தப் பெயர் ஒரு திறவுகோல். மகாதேவி அழகை வெறுத்தவர் அல்லர். அழகு யாருடையது என்பதை அறிந்தவர். அழியும் அழகைப் போற்றிக் காலம் கழிக்க மனமின்றி, அழியாத அழகனையே கணவனாக வரித்துக்கொண்டார்.

அரசனின் பார்வை

மகாதேவியின் வரலாற்றைக் கூறும் நூல்களுள் பழமையானது, கன்னடக் கவிஞர் ஹரிஹரர் இயற்றிய மகாதேவியக்கன ரகளை. அந்நூல் கூறும் வரலாறு இது. அந்நாட்டை ஆண்ட கௌசிகன் ஒருநாள் வீதியில் பவனி வந்தான். வேடிக்கை பார்க்க நின்றவர்களுள் ஒருத்தியாக மகாதேவியும் நின்றிருந்தார். அரசனின் கண் அவர்மீது விழுந்தது. அரண்மனைக்குத் திரும்பியவனுக்கு வேறு நினைவே இல்லை. மகாதேவியைத் தனக்கு மணம் செய்து தருமாறு ஆள் அனுப்பினான். கௌசிகன் சமண சமயத்தவன். சிவபக்தர் அல்லாத ஒருவனை மணக்க மகாதேவி உடன்படவில்லை. அதன்பின் அரசனின் வேண்டுகோள் மிரட்டலாக மாறியது. மறுத்தால் பெற்றோரின் உயிருக்கே தீங்கு நேரும் என்ற நிலை வந்தது.

இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஒரு பெண் தன் வீட்டு வாசலில் நின்றாள், வேறொன்றும் செய்யவில்லை. அவளை ஒருவன் பார்த்தான் என்பதற்காகவே ஒரு குடும்பத்தின் உயிர் ஊசலாடுகிறது. அழகு ஒரு பேறு என்று உலகம் சொல்கிறது. அந்தப் பேற்றை அனுபவிப்பது யார், அதற்கு விலை கொடுப்பது யார் என்று உலகம் கேட்பதில்லை.

பெற்றோரைக் காக்க வேண்டி மகாதேவி அரண்மனைக்குச் செல்ல இசைந்தார். ஆனால் மூன்று நிபந்தனைகளை விதித்தார். விரும்பியவாறு சிவபூசை செய்யத் தடையிருக்கக் கூடாது. சிவனடியார்களோடு கூடியிருக்கத் தடையிருக்கக் கூடாது. குருவுக்குத் தொண்டு செய்யத் தடையிருக்கக் கூடாது. இவற்றை மூன்று முறை மீறினால் அரசனிடம் தமக்குள்ள கடமை தீர்ந்துவிடும் என்று தெளிவாக உரைத்தார். ஆசை வயப்பட்டிருந்த அரசன் எல்லாவற்றுக்கும் தலையசைத்தான். திருமணம் நடக்கவே இல்லை, அதற்கு முன்பே மகாதேவி அரண்மனையை விட்டு நீங்கினார் என்று சொல்லும் வரலாறும் உண்டு. எப்படியாயினும், அரண்மனை அவரைப் பிடித்து வைக்க முடியவில்லை என்பதில் எல்லா நூல்களும் ஒன்றுபடுகின்றன.

பட்டும் பொன்னும் கழன்றன

அரண்மனையில் குறையேதும் இல்லை. பட்டாடை இருந்தது, பொன்னணிகள் இருந்தன, வாசனைப் பொருள்களும் பணிப்பெண்களும் இருந்தனர். இத்தனையும் யாருக்காக? மகாதேவிக்காக என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அவை அரசனின் கண்களுக்காகவே இருந்தன. அலங்கரிக்கப்பட்டவர் மகாதேவி; அனுபவிக்க எண்ணியவன் கௌசிகன். அவருக்கு வேண்டியிருந்ததோ பூசை செய்யச் சிறிது நேரமும், அடியார்களின் சங்கமும் மட்டுமே. அந்த எளிய பொருள்களைத்தான் அரசனால் தர முடியவில்லை. ஒருமுறை வாக்குத் தவறினான், பொறுத்தார். மறுமுறை தவறினான், பொறுத்தார். மூன்றாவது முறையும் தவறினான்.

அவ்வளவுதான். மகாதேவி எழுந்தார். அரண்மனை தந்த அணிகலன்களைக் கழற்றினார். ஆடையையும் களைந்தார். இடுப்புக்குக் கீழே புரண்ட நீண்ட கூந்தலே அவருக்கு ஆடையாயிற்று. கையில் லிங்கம், நெற்றியில் திருநீறு, நெஞ்சில் சென்னமல்லிகார்ஜுனன். அந்தக் கோலத்தில் அரண்மனை வாசலைக் கடந்தார்.

அவர் செய்ததை வெறும் சினத்தின் செயலாகக் கருதுவது பிழை. கோபத்தில் நகையை வீசியெறிபவர், மறுநாள் அதைத் தேடுவது உண்டு. மகாதேவியோ தம் வாழ்நாளில் அதன்பின் திரும்பிப் பார்க்கவில்லை. எந்த உடலை ஒருவன் உடைமையாக எண்ணினானோ, அந்த உடல் இறைவன் உறையும் இடம் என்பதை அறிந்திருந்தார். கோயிலுக்கு உரியவன் உள்ளே எழுந்தருளியிருக்கும் மூர்த்தியே அல்லவா? வழியில் செல்வோர் பார்த்து வியப்பதனால் அது அவர்களுக்கு உரியதாகி விடாது.

ஓடை நீரும் ஊர்ச்சோறும்

உடுதடியிலிருந்து அவர் சென்றடைந்த கல்யாண நகரம் 400 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இன்று பீதர் மாவட்டத்தில் பசவகல்யாண் என்று வழங்கப்படும் ஊர் அது. துணையின்றி, பொருளின்றி, உடுத்த ஆடையும் இன்றி இளம்பெண் ஒருத்தி அவ்வளவு தொலைவு நடந்தாள் என்பதை நினைத்தாலே நெஞ்சு நடுங்குகிறது. வழியில் ஏளனம் செய்தவர்கள் இருந்தனர். தகாத எண்ணத்தோடு பின்தொடர்ந்தவர்களும் இருந்தனர். அத்தகையோருக்கு அவர் விடுத்த அறிவுரைகள் அவருடைய வசனங்களில் இடம்பெற்றுள்ளன.

அந்தப் பயணத்தில் அவர் வாழ்ந்த வாழ்க்கையும் அவற்றிலிருந்து தெரிய வருகிறது. பசித்தபோது பிச்சையேற்றார், தாகத்துக்கு நீர்நிலைகள் இருந்தன, பாழ்பட்ட கோயில்களில் இரவைக் கழித்தார். இவ்வளவே அவருடைய தேவை. கிளி, குயில், அன்னம், மயில், வண்டு என்று வழியில் கண்ட உயிர்களிடமெல்லாம் தம் தலைவனைக் கண்டீர்களா என்று வினவும் வசனமும் உண்டு. காட்டை அவர் தண்டனையாக ஏற்கவில்லை. அரண்மனையில் அவரைச் சூழ்ந்திருந்தவை எல்லாம் அவரிடமிருந்து ஏதேனும் ஒன்றை எதிர்பார்த்தன. மரமும் ஓடையும் பறவையும் அவரிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. அவர் எப்படி இருந்தாரோ அப்படியே ஏற்றுக்கொண்டன.

இயற்கையோடு இயைந்த வாழ்வு எளிதாக இருந்தது என்றும் அவர் பாசாங்கு செய்யவில்லை. பசியையும் தாகத்தையும் உறக்கத்தையும் காமத்தையும் சினத்தையும் எதிரில் நிற்பவர்களைப் போல் அழைத்து, தம்மைத் தடுக்காமல் வழிவிடுமாறு வேண்டிக்கொள்கிறார். உடலின் வேட்கைகள் ஒரே நாளில் ஒழிந்துவிடுவதில்லை என்ற உண்மையை ஒளிக்காமல் சொன்ன துறவி அவர். அதனால்தான் அவருடைய சொற்கள் நம்மைப் போன்ற எளியவர்களுக்கும் நெருக்கமாக இருக்கின்றன.

அனுபவ மண்டபத்தில் ஒரு சோதனை

கல்யாண நகரம் அக்காலத்தில் சரணர்கள் எனப்படும் சிவனடியார்களின் திருக்கூட்டத்தால் புகழ் பெற்றிருந்தது. பிஜ்ஜள மன்னனிடம் உயர் பதவி வகித்த பசவண்ணர் அங்கே அனுபவ மண்டபத்தை ஏற்படுத்தியிருந்தார். சாதி, தொழில், ஆண், பெண் என்ற வேறுபாடு பாராமல் அடியார்கள் கூடி ஆன்மிக அனுபவங்களைப் பகிர்ந்துகொண்ட அவை அது. அதன் தலைமைப் பீடத்தில் இருந்தவர் அல்லமப் பிரபு. அவரும் உடுதடி இருக்கும் அதே வட்டாரத்தில், பள்ளிகாவியில் பிறந்தவர்.

மகாதேவி வந்தபோது அவரைச் சோதிக்க முதலில் முன்வந்தவர் கின்னரி பொம்மையர் என்ற சரணர் என்றும், மகாதேவியின் தூய்மையைக் கண்டு அவரே வணங்கி விலகினார் என்றும் மரபு கூறுகிறது. அடுத்து அல்லமப் பிரபுவின் கேள்விகள் எழுந்தன. 15ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட சூன்ய சம்பாதனை என்ற நூல் இந்த உரையாடலை விரிவாகப் பதிவு செய்துள்ளது.

இளமை ததும்பும் பெண் இங்கு வந்தது ஏன், உன் கணவன் யார் என்று அல்லமர் கேட்டார். தம் கணவன் சென்னமல்லிகார்ஜுனன் ஒருவனே என்றும், இறந்துபடும் கணவர்கள் தமக்கு வேண்டாம் என்றும் மகாதேவி விடையளித்தார். அல்லமர் விடவில்லை. அடுத்த கேள்வி அம்பு போல் பாய்ந்தது. உடலைப் பற்றிய எண்ணம் போய்விட்டது என்று ஆடையைக் களைந்தவர், கூந்தலால் உடலை மறைப்பது ஏன்? அப்படியானால் வெட்கம் இன்னும் எஞ்சியிருக்கிறது என்றுதானே பொருள்?

அவையினர் மூச்சடக்கி நின்றிருப்பார்கள். துறவி என்ற பெயருக்காக வந்தவராக இருந்தால் அக்கணமே கூந்தலை ஒதுக்கிக் காட்டியிருப்பார். மகாதேவி அப்படிச் செய்யவில்லை. பழத்தை உவமையாகக் காட்டி, உள்ளே கனிவு முற்றும் வரை மேல்தோலின் பளபளப்பு நீங்குவதில்லை என்று பணிவோடு விளக்கினார். தம் உடலைக் காண்பவர்களின் மனம் கலங்கித் துன்புறக் கூடாது என்ற இரக்கமே கூந்தலால் மறைத்துக்கொள்ளக் காரணம் என்றார்.

இந்த விடையில்தான் அவருடைய துறவின் முழு உயரமும் தெரிகிறது. பிறர் கண்களுக்காக அலங்கரித்துக்கொள்வது அடிமைத்தனம். பிறர் கண்களை எதிர்ப்பதற்காகவே ஒரு கோலம் பூணுவதும், சற்றே மாறிய வடிவில் அதே அடிமைத்தனம்தான். அங்கும் பார்ப்பவனே எஜமானன். மகாதேவி இரண்டையும் கடந்திருந்தார். அவர் பார்ப்பவர்களுக்கு அஞ்சவில்லை, அவர்களை வெல்லவும் முனையவில்லை. அவர்கள்மீது கருணை கொண்டார்.

அல்லமர் நிறைவடைந்தார். பசவண்ணரும் சென்னபசவண்ணரும் மற்றச் சரணர்களும் அந்த இளம்பெண்ணை அக்கா என்று அழைத்தனர். வயதில் அவரைவிட மூத்தவர்களும் அவ்வாறே அழைத்தனர். கன்னடத்திலும் தமிழிலும் ஒரே பொருள் தரும் அந்தச் சொல்லை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். கௌசிகன் பார்த்ததும் அதே பெண்ணைத்தான். அவன் பார்வைக்கு அவர் உடைமையாகத் தெரிந்தார். சரணர்களின் பார்வைக்கு மூத்த சகோதரியாகத் தெரிந்தார். மாறியது பார்க்கும் கண்.

மூத்த சரணர்கள் அருளிய பல வசனங்களுக்கு அக்காவின் ஒரு வசனம் ஈடாகும் என்ற கருத்தில் சென்னபசவண்ணர் அவரைப் போற்றியுள்ளார். நெற்கதிர் போன்ற எளிய வாழ்வு வாழ்ந்த உழைப்பாளிப் பெண்கள் பலர் அத்திருக்கூட்டத்தில் இருந்தனர். சிந்திய அரிசியைப் பொறுக்கி வாழ்ந்த மாரய்யரின் மனைவி லக்கம்மா அவர்களுள் ஒருவர். அன்றைய தேவைக்கு மேல் கணவர் கொண்டுவந்த அரிசியைத் திருப்பிப் போட்டுவிடச் சொன்னவர் அவர். எளிமையே அழகு என்பதை அக்கா சொற்களால் மட்டுமன்றி, இத்தகைய தோழியர் நடுவிலும் கண்டார்.

தமிழில் அக்காவின் வரலாறு

நம் தமிழுக்கும் அக்காவின் வரலாறு புதியதன்று. கன்னடத்தில் சாமரசர் பாடிய பிரபுலிங்க லீலையை 17ஆம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள் தமிழில் பாடினார். அதில் ஒரு நுட்பமான கதை உண்டு. பார்வதி தேவியின் தாமத குணக் கூறு மாயை என்னும் பேரழகியாக வனவசை நகரில் பிறக்கிறது. ஆடலாலும் பாடலாலும் அழகாலும் அல்லமரை மயக்க முனைகிறது, தோற்றுப் போகிறது. பின்னர் தேவியின் சாத்துவிகக் கூறு மகாதேவியாகப் பிறக்கிறது. எதையும் கவர முயலாமல், எல்லாவற்றையும் துறந்து வந்து, அல்லமரின் அருளைப் பெறுகிறது. கவர நினைத்த அழகுக்குக் கிட்டாதது, கவரும் எண்ணமே அற்ற பக்திக்குக் கிட்டியது.

காரைக்கால் அம்மையாரின் நினைவும் இங்கு வராமல் இராது. கணவன் தம்மைத் தெய்வமெனக் கருதி விலகியபின், இனித் தசையின் வனப்பு எதற்கு என்று அதை உதறிப் பேய் வடிவை வேண்டிப் பெற்றவர் அவர். அறுபத்துமூவரைப் போற்றி வணங்கும் மரபில் வந்தவரே அக்கா. அம்மையார் அழகைக் கழித்தார். அக்கா அழகைப் பொருட்படுத்தாமல் நடந்தார். இரு வழிகளும் சேர்ந்த இடம் ஒன்றே.

வாழைவனத்தில் கலந்தார்

கல்யாணத்தில் தங்கியிருந்தபின், அல்லமர் காட்டிய வழியில் அக்கா ஸ்ரீசைலத்தை நோக்கிப் புறப்பட்டார். பன்னிரண்டு ஜோதிர்லிங்கத் தலங்களுள் ஒன்றாகிய அத்தலம், தேவார மூவராலும் திருப்பருப்பதம் என்று பாடப்பெற்றது. சென்னமல்லிகார்ஜுனன் என்று சிறுவயது முதல் தாம் அழைத்த பெருமான், மல்லிகார்ஜுனன் என்ற பெயரில் எழுந்தருளியிருக்கும் மலை அது. பிறந்த வீட்டைவிட்டுக் கணவன் வீடு செல்லும் மணமகளைப் போல அவர் சென்றார். மணமகளுக்கு வேண்டிய பட்டு இல்லை, பொன் இல்லை. திருநீறும் உருத்திராட்சமும் லிங்கமுமே சீர்.

நல்லமலைக் காடுகளின் நடுவே, கிருஷ்ணை நதி ஓடும் பள்ளத்தாக்கில் அவர் தவமிருந்ததாகக் கூறப்படும் குகை அக்கமகாதேவி குகை என்று வழங்குகிறது. படகில் சென்று, பாறைகளுக்கிடையே குறுகலான இருட்டு வழியில் உடலை ஒடுக்கி நுழைந்தால், உள்ளே ஒரு சிவலிங்கத்தைத் தரிசிக்கலாம். அரண்மனை மாடத்தில் பிறர் காண வாழ வேண்டியிருந்தவர், யாரும் காணாத அந்த இருளில்தான் தம்மை முழுமையாகக் கண்டுகொண்டார். பின்னர் கதலிவனம் எனப்படும் வாழைவனத்தில், இளம் வயதிலேயே, மல்லிகார்ஜுனனோடு ஒன்றாகக் கலந்தார் என்பது மரபு.

நமக்கு அக்கா காட்டும் வழி

மைசூரில் பிறந்த தமிழறிஞர் ஏ. கே. ராமானுஜன் அக்காவின் வசனங்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1973இல் வெளியிட்ட நூலின் வழியே உலகமும் அவரை அறிந்தது. விஜயபுரத்தில் 2003இல் தோன்றிய கர்நாடக மாநிலப் பெண்கள் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எனினும் அவருக்கு நாம் செலுத்த வேண்டிய வணக்கம் நம் வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால்தான் தொடங்க வேண்டும்.

அக்காவின் வெளிக்கோலத்தைப் பின்பற்ற வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. அது அவருடைய பக்தியின் உச்சத்தில் தானே கனிந்து உதிர்ந்தது. இல்லறத்தில் இருப்போர் தூய ஆடை உடுத்துவதிலோ, பூச்சூடி மகிழ்வதிலோ குற்றமில்லை. அதை யாருடைய கண்களுக்காகச் செய்கிறோம், அது இல்லாவிட்டால் நம் மனம் ஏன் வாடுகிறது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வதே அக்கா நமக்குத் தரும் சாதனை. மேனி நிறத்தை மாற்றிக்கொள்ளப் பூச்சுகளை நாடும் மகளிடம், அவள் உடல் இறைவன் குடியிருக்கும் கோயில் என்று தாய் எடுத்துச் சொல்லலாம். பெண் பார்க்கச் செல்லும் வீட்டில் நிறத்தையும் நகையையும் எடைபோடாமல் இருக்க ஒவ்வொரு குடும்பமும் உறுதி கொள்ளலாம். தேவைக்கு மேல் சேர்ந்த அலங்காரப் பொருள்களைக் குறைத்து, அந்த நேரத்தில் பத்து நிமிடம் கண்மூடி அமரலாம்.

உடம்பின் பொலிவு வயதோடு தேயும். அப்போது வாடாமல் நிற்க வேண்டுமானால், அழகின் ஊற்றாகிய இறைவனை இப்போதே நெஞ்சில் குடியேற்றிக்கொள்ள வேண்டும். கௌசிகனின் கண்ணாக இராமல் சரணர்களின் கண்ணாக நம் பார்வை மாறட்டும். எதிரில் வரும் ஒவ்வொரு பெண்ணிலும் ஓர் அக்காவை அது காணட்டும். அதற்குச் சென்னமல்லிகார்ஜுனனின் திருவருளும், அவனுக்கே தம்மைத் தந்த அக்கா மகாதேவியின் ஆசியும் நமக்குத் துணை நிற்கட்டும்.